ஃபைல் எங்கே இருக்கிறது? கணினியில் முதல் 60 நாள்

ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் கணக்கு உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. வந்திருப்பவர் பி.காம். பட்டதாரி. ஆறு மாதக் கணினிப் படிப்பின் சான்றிதழும் வைத்திருக்கிறார். "உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்கேம்மா. அதுல இருக்கிற பட்டியலை எக்செல்ல கூட்டி, பிடிஎஃப் ஆக்கி எனக்கே திருப்பி அனுப்புங்க. பத்து நிமிஷம் போதும்" என்கிறார் ஆடிட்டர். அந்தப் பெண் மெயிலைத் திறக்கிறார், பட்டியலை டவுன்லோடு செய்கிறார். பிறகு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். டவுன்லோடு ஆன ஃபைல் எங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் படித்த கூட்டல் ஃபார்முலா மறந்துபோகவில்லை. ஃபைல் கைக்குக் கிடைத்திருந்தால் அரை நிமிடத்தில் கூட்டியிருப்பார். புதிதாகக் கணினிக்கு வருகிற பலர் இடறுகிற இடம் இதுதான். நம்மில் பெரும்பாலோர் கைபேசியில் வளர்ந்தவர்கள். கைபேசியில் படம் எடுத்தால் அது கேலரியில் தானாக வந்து நிற்கும். எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று யாரும் தேடுவதில்லை. கணினி அப்படியில்லை. எங்கே வைத்தோம், என்ன பெயரில் வைத்தோம் என்பதை வைத்தவரே அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிப்படைக் கணினி அறிவு என்பது மென்பொருள்களின் பெயர்ப் பட்டியல் அல்ல. ஒரு சிறு வேலையை ஆரம்பம் முதல் முடிவு வரை, பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் முடிக்கத் தெரிவது. ஜவுளிக்கடை பில்லிங், மருத்துவமனை வரவேற்பு, திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகம், ஊர் இ-சேவை மையம் என எங்கே போனாலும் எதிர்பார்ப்பது இதைத்தான். மத்திய அரசின் நைலிட் நிறுவனம் நடத்தும் அடிப்படைக் கணினிப் படிப்பான சிசிசி-யின் அளவு 80 மணி நேரம். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் 60 நாளில் 90 மணி நேரம் கிடைத்துவிடும். அந்த 60 நாளை எப்படிச் செலவிடுவது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணினி வேண்டும்

சொந்தக் கணினி இல்லையென்றால் நூலகத்தில் தொடங்கலாம். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய நூலகங்களில் கணினிப் பிரிவு உண்டு. உங்கள் மாவட்ட மைய நூலகத்திலும் விசாரியுங்கள். வீட்டில் அண்ணனோ அக்காவோ கல்லூரியில் வாங்கிய அரசு விலையில்லா மடிக்கணினி சும்மா கிடந்தால், தூசி தட்டி எடுங்கள். பழகுவதற்கு அது தாராளம்.

பழைய மடிக்கணினி வாங்குவதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். ரேம் 8 ஜிபி இருக்கிறதா? எஸ்எஸ்டி போட்டிருக்கிறதா? விண்டோஸ் 11 முறைப்படி ஏறுமா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதனால் மூன்றாவது கேள்வி முக்கியம்.

எதுவுமே கிட்டாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஓடிஜி இணைப்பான் வழியாகவோ புளூடூத் வழியாகவோ கீபோர்டும் மவுஸும் இணைக்கலாம். தட்டச்சும் கூகுள் ஷீட்ஸும் பழக அதுவே போதும். மென்பொருளுக்கும் காசு கொடுக்க வேண்டாம். லிப்ரே ஆஃபிஸ் முற்றிலும் இலவசம். அதில் கற்றது வேர்டிலும் எக்செலிலும் பெரும்பாலும் அப்படியே கைகொடுக்கும்.

நாள் 1 முதல் 10 வரை: ஃபைலும் ஃபோல்டரும்

இந்தப் பத்து நாளும் வேர்டு வேண்டாம், எக்செல் வேண்டாம். உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதற்குள் 'சான்றிதழ்கள்', 'புகைப்படம்', 'பயிற்சி' என மூன்று ஃபோல்டர்கள். கைபேசியில் இருக்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கேபிள் வழியாகவோ மெயில் வழியாகவோ கணினிக்குக் கொண்டுவந்து, அதற்குரிய ஃபோல்டரில் போடுங்கள். பெயரை மாற்றுங்கள். நகல் எடுங்கள், இடம் மாற்றுங்கள், அழியுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்டெடுங்கள்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதும் ஒரு வேலைத்திறன்தான். 'புதிய ஆவணம் 3' என்று ஒரு ஃபைல் கிடந்தால், அடுத்த மாதம் அது என்னவென்று உங்களுக்கே தெரியாது. 'வாடகை ரசீது 2025 ஜூன்' என்று வைத்தால் யார் தேடினாலும் கிடைக்கும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை எண்ணாகப் பெயரின் முன்னால் எழுதினால் ஃபைல்கள் தாமாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும்.

இரண்டு பழக்கம் இப்போதே கையில் ஒட்ட வேண்டும். ஒன்று, கன்ட்ரோல்+எஸ். மின்சாரம் எப்போது போகும் என்று நமக்குத் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சேவ் செய்யுங்கள். இன்னொன்று, கன்ட்ரோல்+இஸட். கடைசியாகச் செய்ததை அது ரத்து செய்யும். எதையாவது அழுத்தினால் கணினி கெட்டுவிடுமோ என்ற பயம்தான் வயதில் மூத்தவர்களின் பெரிய தடை. எழுதும்போதும் கணக்குப் போடும்போதும் நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு விசையில் சரியாகிவிடும். இதைக் கற்றுக்கொண்ட நாளில் பயம் பாதி போய்விடும்.

தினமும் இருபது நிமிடம்: விரல்கள்

தட்டச்சை ஒரு வாரத்தில் முடிக்க முடியாது. 60 நாளும் தினமும் இருபது நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். கீபோர்டில் எஃப், ஜே ஆகிய இரண்டு விசைகளிலும் சிறு மேடு இருக்கும். இரண்டு ஆள்காட்டி விரல்களும் அங்கே நிற்க வேண்டும். பார்க்காமலே இடம் கண்டுபிடிப்பதற்குத்தான் அந்த மேடு. முதல் பதினைந்து நாள் வேகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கீழே பார்க்காமல் அடிப்பது மட்டுமே இலக்கு.

எவ்வளவு வேகம் வேண்டும்? தமிழ்நாடு அரசுத் தட்டச்சுத் தேர்வில் ஆங்கிலம் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். சாதாரண அலுவலக வேலைக்கு 30 சொல் என்பது நல்ல இலக்கு. ஊரில் தட்டச்சுப் பயிலகம் இருந்தால் சேர்ந்துவிடுங்கள். பழைய இயந்திரத்தில் பழகிய விரல், கணினியில் இன்னும் இலகுவாக ஓடும்.

தமிழையும் சேர்த்தே பழகுங்கள். இ-சேவை மையம், வழக்கறிஞர் அலுவலகம், அச்சகம் எல்லாவற்றிலும் தமிழ் அடிக்கத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. இடக்கைக்கு உயிரெழுத்து, வலக்கைக்குப் பெரும்பாலான மெய் என்ற எளிய ஏற்பாடு. 'தம்பி' என்று அடிக்க எல், கே, ஜே, எஸ் என நான்கே விசை போதும். 'ம'வுக்குப் பின் 'ப' வந்தால் புள்ளி தானாக விழும். இன்றைய விண்டோஸிலேயே இது இருக்கிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் தமிழைச் சேர்த்து, இந்த விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பாரை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

ஒரு கணினியில் அழகாகத் தெரிந்த தமிழ்க் கடிதம் இன்னொன்றில் புரியாத குறிகளாகத் தெரிந்தால், அது யூனிகோடு வருவதற்கு முந்தைய பழைய எழுத்துருவில் அடித்தது என்று பொருள். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. நீங்கள் புதிதாகத் தொடங்குகிறீர்கள். தொடக்கமே யூனிகோடாக இருக்கட்டும்.

நாள் 11 முதல் 20 வரை: ஒரு கடிதம், ஒரு பயோடேட்டா

வேர்டில் நூற்றுக்கணக்கான வசதிகள் உண்டு. உங்களுக்கு இப்போது வேண்டியது மூன்று ஆவணங்கள்: விடுப்புக் கடிதம், உங்கள் பயோடேட்டா, அட்டவணையோடு கூடிய ஒரு விலைப்பட்டியல். மூன்றையும் வெறும் பக்கத்திலிருந்து தொடங்கி நீங்களே உருவாக்குங்கள். யாரோ கொடுத்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றுவது பயிற்சி ஆகாது.

புதியவர் செய்ததா, பழகியவர் செய்ததா என்பதை ஸ்பேஸ்பார் காட்டிக்கொடுத்துவிடும். தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ்பாரை இருபது முறை தட்டியிருந்தால், எழுத்துரு மாறியதும் எல்லாம் கலைந்துபோகும். நடுவில் வைக்க அதற்கான பட்டன் இருக்கிறது. இடைவெளிக்கு டேப் இருக்கிறது. பட்டியலுக்கு டேபிள் இருக்கிறது. புதுப் பக்கத்துக்குப் போக என்டரைத் தட்டிக்கொண்டே இருக்காமல் கன்ட்ரோல்+என்டர் அழுத்துங்கள்.

பிரின்ட் எடுக்கும் முன் இரண்டு சரிபார்ப்பு. தாள் அளவு ஏ4 என்று இருக்கிறதா? முன்னோட்டத்தில் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்துக்கு ஓடியிருக்கிறதா? வெளியே அனுப்புவதென்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எந்தக் கணினியில் திறந்தாலும் நீங்கள் வைத்தபடியே தெரியும்.

நாள் 21 முதல் 40 வரை: எக்செல்

இருபது நாளை இதற்கே ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பில்லிங், கணக்கு, இருப்பு, சம்பளம், வருகைப் பதிவு என்று அலுவலகத்தின் பெரும்பகுதி கட்டங்களில்தான் ஓடுகிறது. ஒரு எக்செல் தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு. உங்களுக்கு ஐம்பது வரிசை போதும். பயிற்சிக்கு எடுக்கும் கணக்கு உங்கள் வீட்டுக் கணக்காகவே இருக்கட்டும். பால், மளிகை, பஸ், கரண்ட் பில் என்று ஒரு மாதச் செலவைத் தேதி, விவரம், தொகை என மூன்று பத்தியில் ஏற்றுங்கள்.

முதல் விதி: கால்குலேட்டரில் கூட்டி எக்செலில் எழுதாதீர்கள். கணக்கை எக்செலே போடட்டும். சமக்குறியில் தொடங்குவதெல்லாம் ஃபார்முலா. சம், ஆவரேஜ், கவுண்ட், மேக்ஸ், இஃப் ஆகிய ஐந்தும் முதல் வாரத்துக்குப் போதும். ஒரு பொருளின் விலை சி2 கட்டத்தில் இருந்தால், சமக்குறி போட்டு சி2-வை 18 சதவீதத்தால் பெருக்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி வந்துவிடும். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுங்கள். ஐம்பது பொருளுக்கும் வரி வந்து நிற்கும். இழுக்கும்போது சி2 என்பது சி3, சி4 என்று தானாக மாறுவதைக் கவனியுங்கள். அது ஏன் மாறுகிறது, மாறாமலிருக்க டாலர் குறியை எங்கே போட வேண்டும் என்பது புரிந்தவருக்கு எக்செலின் பாதி புரிந்துவிட்டது.

இனி, புதியவர்கள் வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே மாட்டிக்கொள்கிற மூன்று இடங்கள்.

ஆதார் எண்: பன்னிரண்டு இலக்கத்தையும் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டினால், நடுவில் ஒரு 'ஈ' எழுத்தோடு வேறு ஏதோ ஒன்று தெரியும். பெரிய எண்ணை எக்செல் சுருக்கிக் காட்டுவதுதான் காரணம். பதினைந்து இலக்கத்துக்கு மேல் போனால் மீதி இலக்கங்களைச் சுழியமாகவே மாற்றிவிடும். வங்கிக் கணக்கு எண்ணோ அட்டை எண்ணோ அவ்வளவு நீளமாக இருந்தால் தகவலே தவறாகிவிடும். சுழியத்தில் தொடங்கும் எண்ணில் அந்தச் சுழியமும் காணாமல் போகும். கணக்குப் போடத் தேவையில்லாத எண்களை ஏற்றும் முன், அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றிவிடுங்கள்.

வரிசைப்படுத்துதல்: பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்தினால் பெயர்கள் நகரும், சம்பளம் அங்கேயே நிற்கும். ஒருவர் சம்பளம் இன்னொருவர் பெயருக்கு எதிரே வந்துவிடும். எக்செல் எச்சரிக்கும், அதைப் படிக்காமல் தேர்ந்தெடுத்த பத்தியை மட்டும் வரிசைப்படுத்தச் சொன்னால் பொறுப்பு உங்களுடையது. எப்போதும் முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்த பிறகே வரிசைப்படுத்துங்கள். அதற்கும் முன்னால் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

தேதி: 05/06 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் மாதம் முன்னால் வரும். மாதத்தை எழுத்தில் காட்டும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் குழப்பமே இல்லை.

இவற்றோடு ஃபில்ட்டர், முதல் வரிசையை நிலைநிறுத்தும் ஃப்ரீஸ், ஒரு பக்கத்துக்குள் அடக்கிப் பிரின்ட் எடுப்பது ஆகிய மூன்றும் தெரிந்தால் பல அலுவலகங்களின் ஆரம்ப நிலை வேலைக்குத் தயார். டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்க நினைப்பவர்கள் எக்செலை முடித்துவிட்டுப் போங்கள். அங்கே கணக்கியலில் மட்டும் கவனம் வைக்கலாம்.

நாள் 41 முதல் 50 வரை: மெயிலும் இணைய விண்ணப்பமும்

வேலைக்கென்று தனியாக ஒரு மெயில் முகவரி தொடங்குங்கள். உங்கள் பெயர் தெரியும்படி இருக்கட்டும். வேடிக்கைப் பெயர்கள் நண்பர்களோடு போகட்டும். மெயிலில் பொருள் வரியைக் காலியாக விடாதீர்கள். 'கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பம்' என்று தெளிவாக எழுதுங்கள். உள்ளே நான்கு வரி போதும். இணைப்பைச் சேர்த்த பிறகு முகவரியை அடித்தால், இணைப்பு இல்லாத மெயில் ஒருபோதும் போகாது. ஜிமெயிலில் 25 எம்பி வரைதான் நேரடியாக இணைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது விண்ணப்பப் படிவம். அரசுத் தேர்வு விண்ணப்பங்கள் பலவற்றில் புகைப்படம் 20 முதல் 50 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற விதி இருக்கும். கைபேசியில் எடுத்த படமோ 3, 4 மெகாபைட் இருக்கும். ஒரு மெகாபைட் என்பது 1,024 கிலோபைட். கடைசி நாளில் 'படம் ஏற்கப்படவில்லை' என்று திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம். விண்டோஸில் இருக்கும் பெயின்ட் செயலியிலேயே படத்தை வெட்டி, ரீசைஸ் செய்து, ஜேபெக் வடிவில் சேவ் செய்யலாம். புகைப்படம், கையொப்பம், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் சரியான அளவில் தயார் செய்து, முதல் பத்து நாளில் உருவாக்கிய அந்த ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். இனி எந்த விண்ணப்பத்துக்கும் பிரவுசிங் சென்டர் வாசலில் காத்திருக்க வேண்டாம்.

நாள் 51 முதல் 55 வரை: பாதுகாப்பு

பொதுக் கணினியில் மெயிலைத் திறந்தால் வெளியேறிவிட்டுத்தான் எழ வேண்டும். டவுன்லோடு செய்த ஆதாரையும் மதிப்பெண் பட்டியலையும் அழித்துவிட்டு வாருங்கள். மெயிலுக்கு இருபடிச் சரிபார்ப்பு போடுங்கள். ஓடிபி-யை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். உங்கள் திரையைத் தாம் பார்க்க ஒரு செயலியை நிறுவச் சொல்கிறவரிடம் பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள்.

வேலை தேடுகிறவர்களைக் குறிவைக்கிற மோசடி ஒன்று உண்டு. 'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் முப்பதாயிரம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று வரும். வேலை கொடுக்கிறவர் சம்பளம் கொடுப்பார், பணம் கேட்க மாட்டார். ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்; இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பயிற்சி மையத்தில் சேரும் முன்

தானாகக் கற்க முடியாது, ஒருவர் சொல்லிக்கொடுத்தால்தான் வரும் என்பவர்கள் தாராளமாகப் பயிற்சி மையத்தில் சேருங்கள். ஆனால் பணம் கட்டும் முன் கேளுங்கள். ஒரு கணினிக்கு எத்தனை பேர்? வகுப்பு நேரம் போக, தனியாகப் பழக எத்தனை மணி நேரம்? கடைசியில் நடப்பது எழுத்துத் தேர்வா, செய்முறைத் தேர்வா? இருவருக்கு ஒரு கணினி என்றால் நீங்கள் கட்டும் பணத்தில் பாதி, அடுத்தவர் வேலை செய்வதைப் பார்ப்பதற்கே போய்விடும்.

காசு செலவில்லாத வழியும் இருக்கிறது. மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் லிப்ரே ஆஃபிஸ் பாடங்களைத் தமிழ்க் குரலிலேயே தருகிறது. ஒவ்வொன்றும் சில நிமிடப் பாடம். நிறுத்தி நிறுத்திச் செய்து பார்க்கலாம்.

அரசு வேலை நோக்கம் என்றால் சான்றிதழையும் திட்டமிட வேண்டும். தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிகளுக்குத் தட்டச்சுச் சான்றிதழோடு, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் சி.ஓ.ஏ. எனப்படும் அலுவலகத் தானியக்கக் கணினிச் சான்றிதழையும் கேட்பார்கள். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அறிவிக்கையைப் படித்துத் தகுதியை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசி ஐந்து நாள்: உங்களுக்கு நீங்களே தேர்வு

நாள் 56-இல் ஒரு கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெயிலுக்கு வந்த ஒரு பட்டியலை டவுன்லோடு செய்து, சரியான ஃபோல்டரில் புதுப் பெயரோடு வைத்து, எக்செலில் கூட்டி, வரிசைப்படுத்தி, ஒரே பக்க பிடிஎஃப் ஆக்கி, நான்கு வரிக் கடிதத்தோடு திருப்பி அனுப்புங்கள். முதல் நாள் நாற்பது நிமிடம் ஆகலாம். எங்கே தடுமாறினீர்கள் என்று நோட்டில் எழுதி, அந்த இடத்தை மட்டும் மறுபடி பழகுங்கள். ஐந்தாம் நாள் பத்து நிமிடத்துக்கு வந்துவிட்டால், பயோடேட்டாவில் 'கணினி அறிவு உண்டு' என்று பொதுவாக எழுத வேண்டாம். 'எக்செலில் பில் கணக்கு, ஃபில்ட்டர். யூனிகோடு தமிழ்த் தட்டச்சு. ஆங்கிலத் தட்டச்சு நிமிடத்துக்கு 30 சொல்' என்று செய்யத் தெரிந்ததை எழுதுங்கள். எழுதிய ஒவ்வொன்றையும் அங்கேயே செய்துகாட்ட உங்களால் முடிய வேண்டும்.

திருமணத்துக்குப் பிறகு பத்து ஆண்டு இடைவெளி விட்டு மீண்டும் வேலைக்கு வர நினைக்கும் அக்காமார்களுக்கும், ஐம்பது வயதில் கடைக் கணக்கைக் கணினிக்கு மாற்ற நினைக்கும் அண்ணன்மார்களுக்கும் ஒரு சொல். அருகில் உட்கார்ந்து சொல்லித்தருகிற மகனோ மகளோ பொறுமையிழந்து "தள்ளுங்க, நானே செஞ்சு தர்றேன்" என்று மவுஸை வாங்க வருவார்கள். கொடுக்காதீர்கள். கை உங்களுடையதாக இருந்தால்தான் பாடமும் உங்களுக்குச் சேரும். இன்று மாலை ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்குவதிலிருந்து தொடங்குங்கள்.